புது விண்டோஸும் பழைய டிரைவரும்: ஒரு நாற்பது வருஷக் கதை



மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், "பழைய நினைவுகள் நிறைய வந்துவிட்டன, நீங்கள் கொஞ்சம் தொழில் சம்பந்தமாக எழுதுங்களேன்" என்றார்கள். ஆகவே ஹாஸ்டல் சாம்பார் பற்றி நான் எழுதப் போவதில்லை. எந்த டிபார்ட்மென்டில் படித்திருந்தாலும் நம் எல்லோரையும் ஒரு தடவையாவது பாடாய்ப் படுத்திய ஒரு விஷயத்தின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஆசையாகப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடுகிறோம். முடிந்ததும் பார்த்தால் பிரிண்டர் பேசாது. அல்லது ஸ்பீக்கர் ஊமையாகியிருக்கும். அல்லது திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்தில் என்னமோ சொல்லும். விசாரித்தால் "டிரைவர் பிராப்ளம் சார்" என்று ஒரே பதில்.

யார் இந்த டிரைவர்? கும்பெனி காலத்தில் நம் ஊரில் துபாஷி என்று ஒருவர் இருந்தார். இரண்டு பாஷை தெரிந்தவர். புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததுபோல, வெள்ளைக்காரருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவில் நின்று பேசுகிறவர். கம்ப்யூட்டரில் டிரைவர் செய்வது இதே வேலைதான். "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்று ஆபரேட்டிங் சிஸ்டம் பொதுவாகச் சொல்லும். அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரிகிற பாஷையில் அதைச் சொல்வது டிரைவர்.

கவர்னர் மாறினால் துபாஷி பாடு திண்டாட்டம். புது கவர்னரின் முறை வேறு, கணக்கு வேறு. டிரைவருக்கும் அப்படித்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுவது ஒரு கம்பெனி, கருவி செய்வது வேறொரு கம்பெனி. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம்தான் டிரைவர். ஒவ்வொரு பெரிய அப்டேட்டின்போதும் அந்த ஒப்பந்தத்தை யாராவது புதுப்பிக்க வேண்டும். யார் என்பதுதான் நாற்பது வருஷமாக நடக்கிற தகராறு.

ஜம்பர் காலம்

1983 மார்ச்சில் வந்த டாஸ் 2.0ல்தான், வெளியார் எழுதிய டிரைவரைச் சேர்த்துக்கொள்ள முறையான வழி பிறந்தது. 'கான்ஃபிக்.சிஸ்' என்ற சின்ன ஃபைலில் 'டிவைஸ்=' என்று ஒரு வரி எழுதினால், மெஷின் கிளம்பும்போதே டிரைவர் மெமரியில் ஏறிவிடும். அந்தக் காலத்து சீனியர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம்.

ஆனால் பிரிண்டர் விஷயத்தில் டாஸ் ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு ஸாஃப்ட்வேரும் தன் சொந்த டிரைவரைச் சுமந்து வர வேண்டும். வேர்ட்பெர்ஃபெக்டுக்கு ஒன்று, லோட்டஸ் 1-2-3க்கு ஒன்று. புது பிரிண்டர் வாங்கினால் ஒன்றில் அச்சாகும், மற்றதில் ஆகாது. வேர்ட்பெர்ஃபெக்ட் பேர் வாங்கியதற்கு அது நூற்றுக்கணக்கான பிரிண்டர்களை ஆதரித்ததும் ஒரு காரணம்.

கார்டு சொருகுவது இன்னும் பெரிய கூத்து. பி.சி.-ஏ.டி. வகை மெஷினில் 0 முதல் 15 வரை மொத்தம் 16 இன்டரப்ட் லைன்கள். கருவி "என்னைக் கவனி" என்று பிராசஸரைத் தட்டிக் கூப்பிடும் மணிகள் இவை. டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, பிரிண்டர் போர்ட்டுக்கு 7, ஹார்டு டிஸ்க்குக்கு 14 என்று பாதி ஏற்கெனவே ரிசர்வ் ஆகியிருக்கும். முதல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளும் 7லேயே வந்தன. பாட்டுக் கேட்டால் பிரிண்டர் முறைத்துக்கொள்ளும். கார்டைக் கழற்றி, ஜம்பர் என்கிற சின்ன பிளாஸ்டிக் தொப்பியை வேறு முள்ளில் மாட்டி, மறுபடி சொருகிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு அன்று முழுக்க நம் விரல் நகத்தில் இருந்தது!

சொருகு, சாமி கும்பிடு

1990ல் வந்த விண்டோஸ் 3.0 ஒரு பெரிய புண்ணியம் செய்தது. பிரிண்டருக்கு ஒரு டிரைவர் போட்டால் போதும், விண்டோஸில் ஓடும் எல்லா ஸாஃப்ட்வேரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். 1995 ஆகஸ்ட் 24ல் வந்த விண்டோஸ் 95 இன்னும் ஒரு படி மேலே போய், 'பிளக் அண்ட் ப்ளே' என்றது. சொருகினால் போதும்; எந்தக் கருவி, அதற்கு எந்த இன்டரப்ட் என்று நானே பேசி முடிவு செய்கிறேன் என்று விண்டோஸ் வாக்குக் கொடுத்தது.

ஃப்ளாப்பியில் வாங்கியவர்கள் 13 ஃப்ளாப்பிகளை வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டார்கள். புதுக் கருவிகளில் வாக்கு ஓரளவு பலித்தது. பழைய கார்டுகளுக்கோ பேசத் தெரியாது. 'பிளக் அண்ட் ப்ரே', அதாவது சொருகிவிட்டு சாமி கும்பிடு என்று ஜனங்கள் பேரை மாற்றிவிட்டார்கள்.

1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். பக்கத்தில் கிறிஸ் கபொசெல்லா என்ற இளைஞர், வரப்போகும் விண்டோஸ் 98ல் ஒரு ஸ்கேனரைச் சொருகி, டிரைவர் தானாக ஏறும் அழகைக் காட்ட முயன்றார். திரை நீலமானது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி கேட்ஸ் சமாளித்தார். அந்த இளைஞரின் வேலை போய்விடவில்லை; பிற்காலத்தில் அதே மைக்ரோசாஃப்டின் தலைமை மார்க்கெட்டிங் அதிகாரியாக உயர்ந்தார். மேடையில் மானம் போனால் வாழ்க்கையே போயிற்று என்று நினைக்கிற தம்பிகளுக்காக இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுக்களை வரை வந்த விருந்தாளி

டிரைவர் தப்புப் பண்ணினால் ஏன் மொத்த மெஷினும் விழ வேண்டும்? வேர்டு, எக்ஸெல் மாதிரி சாதாரண ஸாஃப்ட்வேர்கள் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று மயங்கி விழுந்தால் தூக்கி வெளியே விட்டுவிடலாம். ஆனால் பெரும்பாலான டிரைவர்கள், கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்குள், அதாவது அடுக்களைக்குள்ளேயே வேலை செய்கின்றன. அங்கே ஒருவர் தப்பான மெமரி முகவரியில் கை வைத்தாலும், மேற்கொண்டு எதையும் நம்ப முடியாது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் மெஷினையே நிறுத்திவிடுகிறது. நீலத் திரை என்பது அந்த நிறுத்தம்தான்.

1993ல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1ல் வரைகலை வேலைகளை அடுக்களைக்கு வெளியே வைத்திருந்தார்கள். பத்திரமாக இருந்தது, ஆனால் மெதுவாக இருந்தது. வேகம் வேண்டி 1996ல் என்.டி. 4.0ல் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். வேகம் கிடைத்தது, டிஸ்ப்ளே டிரைவர் தடுக்கினால் எல்லாம் விழும் என்ற ஆபத்தும் சேர்ந்து வந்தது.

2001 அக்டோபர் 25ல் வந்த எக்ஸ்.பி.யில், மெஷின் விழுந்தால் காரணத்தை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கும் வசதி இருந்தது. அப்படிக் குவிந்த தகவலிலிருந்து தெரிந்த கணக்கை, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ல் தங்கள் கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள்: எக்ஸ்.பி.யில் பதிவான விழுகைகளில் 85 சதவீதத்துக்குக் காரணம் டிரைவர்கள். திட்டு வாங்கியது விண்டோஸ். தப்பில் பெரும் பங்கு விருந்தாளிகளுடையது. லினக்ஸும் விலக்கல்ல. அதன் கெர்னலில் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2001லேயே சொல்லியிருந்தது.

இங்கே நமக்குப் பெருமையான ஒரு செய்தி. டிரைவரை ஓட்டிப் பார்க்காமலே, அதன் புரோகிராமைக் கணித ரீதியாக அலசி, "இது கெர்னலின் விதிகளை மீறுமா?" என்று கண்டுபிடிக்கும் ஸ்லாம் என்ற ஆய்வை மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜமணியும் நடத்தினார்கள். ராஜமணி நம்ம ஊர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஒரு பூட்டை எடுத்தால் திருப்பி விட வேண்டும், இரண்டு தடவை எடுக்கக்கூடாது என்கிற மாதிரியான விதிகளை டிரைவர் எழுதுவோர் மறந்துவிடுவார்கள். அதைப் பிடிப்பதுதான் இதன் வேலை. 'ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர்' என்ற பெயரில் அது டிரைவர் எழுதுவோர் கைக்கே வந்துசேர்ந்தது.

விஸ்டா படுத்திய பாடு

எங்கள் அணி கல்லூரியில் சேர்ந்தது 2006ல். முதலாமாண்டு முடிவதற்குள், 2007 ஜனவரி 30ல், விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்துவிட்டது. ஹாஸ்டலில் புது லேப்டாப் வைத்திருந்த பையன்தான் அன்று ஹீரோ. ஒரு வாரத்தில் அவனே அறை அறையாக வந்து, "மச்சி, எக்ஸ்.பி. சி.டி. இருக்காடா? சவுண்டே வரலடா" என்று கெஞ்சினான். எக்ஸ்.பி. போட்டால் சவுண்டு வரும், வைஃபை போய்விடும். நெட் இல்லாமல் வைஃபை டிரைவரை டவுன்லோடு பண்ணுவது எப்படி? அடுத்த ரூம்காரனின் பென் டிரைவ்தான் கதி.

ஏன் அப்படி ஆனது? விஸ்டாவில் ஒப்பந்தத்தையே திருத்தி எழுதியிருந்தார்கள். டிஸ்ப்ளே டிரைவரின் பெரும் பகுதியை அடுக்களையிலிருந்து திண்ணைக்குத் தள்ளினார்கள். டிஸ்ப்ளே கார்டு இரண்டு விநாடிக்கு மேல் பதில் தராமல் மயங்கினால், மெஷினை விழவிடாமல் கார்டை மட்டும் மறுபடி எழுப்பிவிட ஏற்பாடு செய்தார்கள். ஒலி சம்பந்தமான பெரும் பகுதியும் கெர்னலுக்கு வெளியே போனது. 64-பிட் விஸ்டாவில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவருக்கு உள்ளே இடமே இல்லை என்றார்கள். எல்லாம் நல்ல முடிவுகள்தான். ஆனால் அத்தனை கம்பெனிகளும் தங்கள் டிரைவரைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

எழுதவில்லை. விஸ்டா பல தடவை தள்ளிப்போன சரக்கு. நிஜமாகவே வெளியாகும் என்று யாரும் நம்பாததால் கருவி செய்பவர்கள் கடைசி நேரத்தில்தான் வேலையைத் தொடங்கினார்கள் என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஸ்டீவன் சினோஃப்ஸ்கி உள்ளுக்குள் எழுதிய கடிதம், பிறகு ஒரு நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் இயக்குநர் குழு உறுப்பினருமான ஜான் ஷர்லியின் வீட்டு பிரிண்டருக்கும் ஸ்கேனருக்குமே டிரைவர் கிடைக்கவில்லை என்பதும் அந்தக் கடிதங்களில் இருந்தது. ஷர்லிக்கே அந்தக் கதி என்றால் எங்கள் ஹாஸ்டல் எம்மாத்திரம்!

2009 அக்டோபர் 22ல் விண்டோஸ் 7 வந்தபோது எல்லோரும் "அப்பாடா, இதுதான் விண்டோஸ்" என்றார்கள். உண்மையில் அதன் டிரைவர் முறை பெரும்பாலும் விஸ்டாவுடையதேதான். விஸ்டாவின் உள் எண் 6.0. விண்டோஸ் 7ன் உள் எண் 7 அல்ல, 6.1! முதல் இலக்கம் மாறினால் பழைய ஸாஃப்ட்வேர்கள் மிரளும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் டிரைவர் எழுதுவோர் தங்கள் வேலையை முடித்திருந்தார்கள். விஸ்டா பட்ட அடியில் விளைந்ததை விண்டோஸ் 7 அறுவடை செய்தது.

எழுதி வைத்த பாஷை

இதே ஒப்பந்தத்தை வேறு விதமாகப் பார்த்தவர்களும் உண்டு. எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அது அடிக்கடி பேப்பரில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பயன்படுத்துவோருக்குத் தகவல் போகும்படி அதன் ஸாஃப்ட்வேரைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரலைக் காட்ட மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983ல் அவரை க்னூ திட்டத்தை அறிவிக்க வைத்தது. கட்டற்ற ஸாஃப்ட்வேர் இயக்கத்தின் கதையில் ஒரு பிரிண்டருக்கும் இடம் இருக்கிறது!

1991ல் பிறந்த லினக்ஸில் வழக்கம் இது: டிரைவரின் நிரலைக் கெர்னலோடு சேர்த்தே வைத்துவிட வேண்டும். கெர்னலின் உள்விதியை எவர் மாற்றுகிறாரோ, அவரே அதனால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் திருத்தித் தர வேண்டும். செய்த கம்பெனி மறந்துபோன கருவிகூட இதனால் வேலை செய்துகொண்டிருக்கும். டிரைவரை ரகசியமாக வைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் இந்தப் பலன் கிடைக்காது.

யு.எஸ்.பி. இன்னொரு வழி காட்டியது. கீபோர்டு என்றால் இப்படிப் பேசணும், பென் டிரைவ் என்றால் இப்படிப் பேசணும் என்று வகைவாரியாகப் பாஷையை எழுதிப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். விண்டோஸ் 98ல் பென் டிரைவுக்குத் தனி டிரைவர் போட வேண்டியிருந்தது. இன்று எந்த பென் டிரைவுக்காவது யாராவது டிரைவர் தேடுகிறோமா? பிரிண்டரும் இப்போது அந்தப் பாதைக்கு வந்திருக்கிறது. கம்பெனிக்கு ஒரு டிரைவர் என்கிற ஏற்பாட்டைப் படிப்படியாக நிறுத்தி, பொதுவான ஒரே டிரைவரை நோக்கிப் போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது.

85 லட்சம் மெஷின்கள்

அடுக்களைப் பிரச்சினை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு ஸாஃப்ட்வேரின் சின்னத் தகவல் ஃபைல் ஒன்று உலகம் முழுக்கப் போயிற்று. அது எதிர்பார்த்தது 21 விவரங்கள்; கெர்னலுக்குள் இருந்த டிரைவருக்குக் கிடைத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதை எட்டிப் பார்த்த டிரைவர் மெஷினை விழுங்கியது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள்.  நம் நாட்டு ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தப்பான ஃபைலை 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த மெஷின்கள் பலவற்றை, ஆள் நேரில் போய், சேஃப் மோடில் கிளப்பி, அந்த ஃபைலை அழித்துத்தான் மீட்க முடிந்தது. 1998ல் மேடையில் ஒரு மெஷின். 2024ல் இத்தனை மெஷின்கள். காரணம் ஒரே ஜாதி.

நம் லேபுக்கு என்ன?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மெஷின்களை விண்டோஸ் 11க்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் இரண்டு கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று 1990களில் வாங்கிய தராசு. ஆர்.எஸ்.-232 கேபிள் வழியே சாதாரண எழுத்துகளாக எடையைச் சொல்லும். எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அதன் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. யு.எஸ்.பி. மாற்றி ஒன்றைச் சொருகினேன். அரைமணி நேரத்தில் விண்டோஸ் 11ல் எடை வந்தது. மற்றது அதற்குப் பத்து வருஷம் பின்னால் வாங்கிய, பல மடங்கு விலையான அளவைக் கருவி. தனி கார்டு, தனி 32-பிட் டிரைவர். விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது; அதன் கெர்னலில் 32-பிட் டிரைவர் ஏறாது. செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கருவியில் ஒரு திருகுகூடத் தளரவில்லை, ஆனால் அதன் பாஷை தெரிந்தவர் உலகில் யாரும் இல்லை. பழைய மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, ஹார்டு டிஸ்க்கை அப்படியே இரண்டு பிரதி எடுத்து வைத்து, தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் கல்லூரி லேப்களிலும் இந்த இரண்டு ரகமும் இருக்கும். பழைய சீனியர்கள் நன்கொடையாகத் தந்த கருவிகளும் அதில் உண்டு. டிரைவர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கருவி பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடாது. எனவே சில யோசனைகள்.

லேபுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் எந்த கார்டு, எந்த விண்டோஸ், 32-பிட்டா 64-பிட்டா, டிரைவர் சி.டி. எந்த பீரோவில் என்று எழுதி வையுங்கள். சி.டி.க்கள் காலப்போக்கில் கெட்டுப்போகும்; இப்போதே பிரதி எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்கு முன்னால் வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு கருவியின் வெண்டர் எண்ணையும் டிவைஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பேர் தெரியாத கருவியை அந்த இரண்டு எண்ணை வைத்தே அடையாளம் காணலாம். நெட்வொர்க் டிரைவரை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். எல்லா மெஷினிலும் ஒரே நாளில் போடாமல் ஒன்றில் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11க்கு மாறிய பிறகு பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் சாதாரணமாக அவகாசம். எனவே அந்தப் பத்து நாளுக்குள் ஒவ்வொரு கருவியையும் ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். செமஸ்டர் பிராக்டிகல் சமயத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்!

புதுக் கருவி வாங்கும் கமிட்டியில் இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையும் உத்தரவாதமும் கேட்கிறபோதே, "இந்தக் கருவி கம்ப்யூட்டரோடு பேசும் முறையை எழுத்தில் தருவீர்களா?" என்றும் கேளுங்கள். டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் எங்கள் தொழிற்சாலைக் கருவி அனாதையாக நிற்கிறது.

சீனியர்களில் பலர் கருவி செய்யும் கம்பெனிகளிலேயே நல்ல பதவியில் இருக்கிறீர்கள். நம் லேபில் உள்ள உங்கள் கம்பெனிக் கருவியின் பழைய கையேடும் டிரைவரும் எங்காவது இருந்தால், சந்திப்புக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். ஒரு மதியம் லேபில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிடலாம். டீ வாங்கித் தருவது 2010ஆம் வருஷ அணியின் பொறுப்பு.